யுத்தமும் கவியின் உவமையும்



கவிகளைப்பற்றி நாம் பேச வந்திருப்பது சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். கவி என்றாலே பொய்யும் அலங்காரமும் என்று நாம் பல தடவை சொல்லியிருக்கிறோம். இன்றும் அதை மறுக்கவில்லை. ஆனால் அலங்காரம் என்று சொல்லப்படுகிற உவமையைக் கொண்டே ஒரு பெரும் பொய்யை உடைத்தவர் ஒருவர் இருந்தார்.

1914-ம் வருஷம் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டபோது, ஜெஸ்ஸி போப் என்கிற இங்கிலாந்து அம்மையார், வாலிபர்களைப் பட்டாளத்துக்கு அழைத்துப் பத்திரிகைகளில் பாட்டு எழுதிவந்தார். அவருக்கு யுத்தம் ஒரு பந்தய விளையாட்டு! விளையாட்டு என்று சொல்லிவிட்டால் அப்புறம் என்ன? விளையாட வராமல் வீட்டிலிருப்பவன் பேடி. விளையாட்டில் யாரும் சாவதில்லையல்லவா? ஒரு உவமை எவ்வளவு வேலை செய்துவிடுகிறது பாருங்கள்!

வில்பிரட் ஓவன் என்பவர் போர்முனையைக் கண்ணால் கண்டவர். 1917-ல் மனங்கலங்கி, எடின்பரோவுக்கருகில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்தபோது ஒரு பாட்டு எழுதினார். கையெழுத்துப் பிரதி ஒன்றில் அது போப் அம்மையாருக்கு என்றே எழுதியிருந்தார். அதில் வரும் சிப்பாய்கள் சிங்கங்களுமல்ல, புலிகளுமல்ல. மூட்டை சுமந்து கூனிப்போன கிழப் பிச்சைக்காரர்கள்! வயதென்னவோ வாலிப வயதுதான். தெருவில் கண்டால் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிற உருவத்தை ராஜாவின் பட்டாளத்துக்கே கொடுத்துவிட்டார்.

அப்புறம் விஷவாயு வருகிறது. ஒருவன் மட்டும் முகமூடியை மாட்டத் தவறிவிடுகிறான். அவன் பச்சைக் கடலில் மூழ்குவதாகக் கவி காட்டுகிறார். இது அழகுக்காகச் சொன்னதா என்றால் இல்லவே இல்லை. 1915 ஏப்ரல் 22-ந் தேதி பெல்ஜியத்தில் ஈப்ர நகருக்கருகே ஜெர்மானியர் திறந்துவிட்ட குளோரின் வாயு மஞ்சள் கலந்த பச்சை நிறமுள்ளது. அதைச் சுவாசித்தவனுடைய நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதாவது, காய்ந்த தரையில் நிற்கிறவன் தன் உடம்பின் நீரிலேயே மூழ்கிச் சாகிறான். வைத்தியன் எழுதவேண்டிய சாட்சியத்தைக் கவி எழுதிவிட்டார். (இங்கிலீஷ்காரரும் அதே வருஷம் செப்டம்பரில் அதே வாயுவை விட்டார்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது.)

தேசத்துக்காகச் சாவது இன்பமானது என்று ஹொரேஸ் என்னும் ரோமாபுரிக் கவி 2000 வருஷங்களுக்கு முன் லத்தீனில் சொல்லிவைத்தார். அந்த வாக்கை 1913-ல் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியின் கோயில் சுவரில் பொறித்தார்கள். செத்த பாஷை, பழைய வாக்கு, கோயில் சுவர்! இம்மூன்றும் சேர்ந்தால் எவன் கேள்வி கேட்பான்? ஆனால் ஹொரேஸோ, பிலிப்பி யுத்தத்தில் கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்ததாகத் தம் பாட்டிலேயே சொல்லிக்கொண்டவர்! ஓவன், பிச்சைக்காரனையும் மூழ்குகிறவனையும் காட்டிய பிறகு, அந்த வாக்கைப் பொய் என்றே சொல்லி முடித்தார்.

அவரைக் கோழை என்பார் உண்டானால் கேளுங்கள். அவர் 1918-ல் மறுபடியும் போர்முனைக்குப் போனார். அங்கு காட்டிய தீரத்துக்காக மிலிட்டரி கிராஸ் விருது அளிக்கப்பட்டது. நவம்பர் 4-ந் தேதி பிரான்சில் ஒரு கால்வாயைக் கடக்கும் சண்டையில், 25-வது வயதில் கொல்லப்பட்டார். 11-ந் தேதி, யுத்தம் நின்றதற்காக மாதா கோயில் மணிகள் அடித்துக்கொண்டிருக்கையில், தந்தி பெற்றோரிடம் வந்து சேர்ந்தது. பாட்டு 1920-ல்தான் அச்சேறியது.