அயல்நாட்டு மைதானமும் நம்மூர்ப் படலையும்

(மன்றத்தின் ஆண்டு நிறைவு விழாவில் இளைஞர் பகுதியின் சார்பில் நிகழ்த்திய உரை)



சமயமும் இலக்கியமும் முழங்கும் இந்த மேடையிலே, பந்தையும் துடுப்பையும்பற்றிப் பேசச் சிறியவர்களாகிய நாங்கள் வந்து நிற்கிறோம். எங்களை மிஷன் பாடசாலையிற் சேர்த்தபோது, "பிள்ளைகள் அங்கே இங்கிலீசையும் பந்தடியையும் படித்துக்கொண்டு வரட்டும், வேறொன்றும் வேண்டாம்" என்று எங்கள் பாட்டிமார் சொன்னார்களாம். இங்கிலீசு எவ்வளவு வந்ததென்பதை எங்கள் ஆசிரியர்களைக் கேட்க வேண்டும். பந்தடி வந்தது. அது வந்தபடியாற் கண்ட ஒரு காட்சியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறோம்.

2023 டிசம்பர் விடுமுறையிலே பல்கலைக்கழக மாணவர் நால்வர் இந்தியாவுக்குப் பயணமானோம். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம். சென்னையிலிருந்து மும்பைக்கு ஒரு பகலும் ஓர் இரவும் ரயில். பழையவர்கள் பம்பாய் என்று சொன்ன அந்த மாநகரத்தில் எங்களுக்கு அறிந்தவர் எவருமில்லை. பார்க்க வேண்டியவற்றைப் பார்த்தோம். படம் பிடித்தோம். மூன்றாம் நாள் மாலை, கட்டடங்களைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து நொந்துபோன நேரத்தில், ஓவல் மைதானத்தின் வாயிலில் வந்து நின்றோம்.

அது ஒரு நீண்ட, மரங்கள் சூழ்ந்த வெளி. ஒரு புறத்தில் உயர் நீதிமன்றமும், பல்கலைக்கழகத்தின் இராஜாபாய் மணிக்கூண்டும் கல்லிலே கோபுரங்கள்போல எழுந்து நிற்கின்றன. மறுபுறத்தில் முப்பதுகளில் எழுந்த வளைவான மாடி வீடுகள். இவ்விரு வகைக் கட்டடத் தொகுதிகளையும் உலக மரபுரிமைச் சின்னமாக 2018 இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. ஆனால் எங்கள் கண் கட்டடத்தில் நிற்கவில்லை. அந்த ஒரே வெளியில் அன்று எத்தனை ஆட்டங்கள் நடந்தன என்று எண்ண முயன்று தோற்றோம். ஓர் ஆட்டத்தின் விக்கற் காப்பாளருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னோர் ஆட்டத்தின் களத்தடுப்பாளர் நிற்கிறார். ஒருவன் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடினால் மூன்று ஆட்டங்களைக் கடந்துதான் திரும்புகிறான். எவரும் எவரோடும் முட்டுவதில்லை. யாருடைய பந்து யாருடையது என்ற சண்டையுமில்லை.

வேலியோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ரெனிஸ் பந்தில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்திலிருந்து ஓர் இளைஞன் எங்களை நோக்கிக் கையை அசைத்தான். "கேலோகே?" என்றான். விளையாடுகிறீர்களா என்பது பொருள். எங்களுக்குத் தெரிந்த இந்தி திரைப்படத்திற் கேட்ட இந்திதான். ஆயினும் அந்தச் சொல்லுக்கு அகராதி தேவைப்படவில்லை. அவர்களிற் சிலர் வீடு திரும்பிவிட்டபடியால் ஆள் போதவில்லை. நாங்கள் நால்வர். பக்கத்துக்கு இருவராகப் பிரித்துக்கொண்டார்கள்.

எங்களை அவன் கேட்ட கேள்வி இரண்டே. "பாட்டிங்கா, பௌலிங்கா?" என்பது ஒன்று. "எந்த நாடு?" என்பது மற்றொன்று. அதுவும் ஆட்டம் தொடங்கிய பிறகுதான் கேட்டான். இந்த இரண்டு கேள்விகளையும் சபையோர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இவற்றிடம் திரும்பி வருவோம்.

இலங்கை என்றதும் ஆரவாரம் எழுந்தது. "முரளி! மலிங்க! ஜயசூரிய!" என்று ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள். முரளியின் நாட்டவன் என்ற ஒரே தகுதியினால், வாழ்நாளிற் பந்து வீசியறியாத எங்கள் நண்பரின் கையிற் பந்தைத் திணித்தார்கள். அவர் வீசிய முதற்பந்து பக்கத்து ஆட்டத்தையும் தாண்டி அதற்கடுத்த ஆட்டத்தில் விழுந்தது. ஒரு சிறுவன் வான்கடே அரங்கு இருக்கும் திசையைக் கையாற் காட்டி, "2011!" என்று சொல்லிச் சிரித்தான். அவ்வாண்டு உலகக்கிண்ண இறுதியில் இந்தியா நம் நாட்டை ஆறு விக்கற்றுகளால் வென்றது அந்த அரங்கிலேதான். நாங்களும் 1996 என்று சொல்லி வாயடைத்தோம். அவன் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆனாலும் தெரிந்து வைத்திருந்தான்.

பாடசாலையிலே, முன்காலை நீட்டித் துடுப்பை நேராகப் பிடிக்க வேண்டுமென்று எங்களுக்குக் கற்பித்தார்கள். அந்தப் பிடியெல்லாம் அங்கே செல்லவில்லை. ஒருமுறை நிலத்திற் பட்டு எழும் பந்தை ஒரு கையாற் பிடித்தாலும் ஆட்டமிழப்பு என்பது அவர்கள் சட்டம். எங்களில் ஒருவர் அப்படி ஆட்டமிழந்து, இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறதென்று ஆங்கிலத்தில் வாதாடத் தொடங்கினார். அவர்கள் கோபிக்கவில்லை. துடுப்பை வாங்கிக்கொண்டு, "பரவாயில்லை, அடுத்த முறை" என்று முதுகிலே தட்டினார்கள். வெட்கம் எங்களுக்குத்தான். பிறர் முற்றத்தில் நின்றுகொண்டு அவர்கள் வீட்டுச் சட்டத்தைத் திருத்தப் போவது விருந்தாளிக்கு அழகன்று.

நண்பர்களே, நீங்களும் ஒருநாள் வேற்று நாட்டுக்குப் போவீர்கள். ஆகையால் அன்று நாங்கள் பட்டுக் கற்றதைச் சொல்லிவைக்கிறோம். ஆட்டத்தின் நடுவிற் போய் நிற்காமல் ஓரத்தில் நில்லுங்கள். ஆள் குறைந்தால் அவர்களே அழைப்பார்கள். முதலிற் பந்து பொறுக்குங்கள். துடுப்பைக் கேட்டு வாங்காதீர்கள். அவர்கள் சட்டத்தை ஆட்டம் தொடங்கு முன்னரே கேட்டறியுங்கள். நன்றாக ஆடினால் அடங்கியிருங்கள்; மோசமாக ஆடினாற் சிரியுங்கள். மொழி தெரியாதென்று அஞ்சாதீர்கள். நாம் மைதானம் என்று சொல்லும் சொல்லையே அவர்களும் மைதான் என்கிறார்கள். துடுப்பாடும் ஒழுங்கை அவர்கள் தீர்மானித்த விதத்தைப் பார்த்து நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம். மண்ணில் இலக்கங்களைக் கீறி, அவற்றைத் துடுப்பால் மறைத்து, ஆளுக்கொரு கோட்டைத் தொடச் சொன்னார்கள். நம் ஒழுங்கையில் நாம் செய்வது அதேதான்!

மணிக்கூண்டு ஆறைக் காட்டியபோது இருட்டிவிட்டது. தோற்ற பக்கம் எலுமிச்சம்பழத் தண்ணீர் வாங்கிக் கொடுக்க வேண்டுமென்றார்கள். அதையும் கொடுத்தோம். ஒரே போத்தல் தண்ணீர் கைமாறி வந்தது. எல்லோரும் அண்ணாந்து குடித்தார்கள். களைப்பின் மிகுதியால் எங்களில் ஒருவர் வாய் வைத்தே குடித்துவிட்டார். அடுத்து நின்றவன் அதைத் துடைக்கவுமில்லை, மறுக்கவுமில்லை, வாங்கிக் குடித்தான்.

அந்தப் போத்தல் எங்கள் மனதை விட்டு அகலவில்லை. ஊர் திரும்பிய பின், அந்த மைதானங்களின் கதையைத் தேடிப் படித்தோம். படித்தபோதுதான் அது எவ்வளவு பெரிய காரியமென்று விளங்கிற்று.

ஓவல், குறொஸ், ஆசாத் என்று இன்று பிரிந்து கிடக்கும் வெளிகளெல்லாம் முன்னொரு காலத்திற் கோட்டையின் முன்னே கிடந்த ஒரே திடல். அங்கே வெள்ளையர் ஆடுவதைப் பார்த்துப் பார்சி இளைஞர்கள் ஆடத் தொடங்கி, 1848 இல் ஒரு கழகம் அமைத்தார்கள். பின்னர் இந்துக்களும் முஸ்லிம்களும் அமைத்தார்கள். வெள்ளையர் அதே திடலிற் குதிரையேறிப் போலோ ஆடித் தரையைக் கிளறியதனால், 1880 களின் தொடக்கத்திற் சுதேசிகள் அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதி வழக்காட வேண்டியிருந்தது. ஆடுமிடம் அவர்களுக்குச் சும்மா கிடைத்ததன்று.

அக்காலத்துப் பெரும்போட்டிகள் சமூகவாரியாகவே நடந்தன. 1907 இல் ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள். 1912 இல் முஸ்லிம்கள். 1937 இல் ஏனையோர் என ஐந்து அணிகள். இவ்வாறு மதத்தின் பெயரால் அணி பிரிப்பதைக் காந்தியடிகள் 1940 இற் கண்டித்தார். 1946 உடன் அப்போட்டி நின்றுபோயிற்று.

அந்த இந்து அணியிலேதான் பல்வங்கர் பாலு என்பவர் ஆடினார். அவர் தோற்றொழில் செய்யும் வகுப்பிற் பிறந்தவர். பூனாவிலே வெள்ளையர் கழகமொன்றின் மைதானத்தைக் கூட்டித் துப்புரவு செய்யும் வேலை பார்த்தார். பயிற்சியின்போது வெள்ளையருக்குப் பந்து வீசி வீசியே தேர்ந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரானார். வெள்ளையரை வெல்ல வேண்டுமென்ற ஆவலினாற் பூனா இந்துக்கள் அவரைத் தம் அணியிற் சேர்த்தார்கள். களத்திலே அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் வேளை வந்தால், உள்ளே மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை. வெளியே பாலுவுக்கு எறிந்துவிடும் மண் கலயம்.

பெரியோர்களே, இந்தக் கலயத்தின் கதை உங்களுக்கு விளங்காததன்று. நம் ஊர்த் தேநீர்க் கடைகளிலே சிலருக்குச் சிரட்டையும் தகரப் பேணியும் நீட்டப்பட்ட காலத்தை உங்களிற் பலர் கண்ணாற் கண்டிருக்கிறீர்கள். அதை ஒழிக்க உழைத்தவர்களும் உங்களுள் இருப்பீர்கள்.

பாலு பின்னர் பம்பாய்க்கு வந்தார். 1906 இல் இந்து அணி ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்றபோது, அவரும் அவர் தம்பி சிவராமும் அந்த அணியில் இருந்தார்கள். 1911 இல் இந்திய அணியோடு இங்கிலாந்து சென்று 114 விக்கற்றுகளை வீழ்த்தினார். இவ்வளவு செய்தும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கடைசிவரை கொடுக்கப்படவில்லை. 1923 இல் அவருடைய இளைய தம்பி விட்டலுக்கே அது கிடைத்தது. அவ்வாண்டு இந்து அணி வெற்றியும் பெற்றது. பாலு 1955 இற் காலமானார்.

ஓவல் மைதானத்தில் எங்கள் கையிற் கிடைத்த போத்தலுக்குப் பின்னால் இவ்வளவு வரலாறு இருந்தது. ஒரு மாலைப்பொழுதைக் கொண்டு அந்த மாநகரத்தை அளந்துவிட்டோமென்று நாங்கள் சொல்லவில்லை. அங்கும் குறையுண்டு. சமூகங்களின் பெயர் தாங்கிய கழகங்கள் கடற்கரை வீதியில் இன்றும் நிற்கின்றன. நாங்கள் ஆடிய அன்று அவ்விடத்திற் பெண்பிள்ளை ஒருவரையும் விளையாடக் காணவில்லை. ஆனாலும் எங்களைக் கேட்ட கேள்வி இரண்டே: "பாட்டிங்கா, பௌலிங்கா?", "எந்த நாடு?"

நம் ஊருக்கு அயலான் ஒருவன் வந்தால் நாம் என்ன கேட்கிறோம்? எந்த ஊர் என்கிறோம். எந்தக் குறிச்சி என்கிறோம். ஆருடைய பிள்ளை என்கிறோம். அவன் விடை சொல்லச் சொல்ல, நம் முகம் மலர்வதும் சுருங்குவதும் நமக்குத் தெரியாமலிருக்கலாம். அவனுக்குத் தெரியும்.

இனி எங்கள் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். நாம் மாலையில் ஆடும் காணிக்கு வேலியும் படலையும் உண்டு. பந்து வேலியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அப்பால் நிற்கும் பையன்கள் அதை எடுத்து எறிந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் எறிந்தால், பந்து நிலம் தொடாமல் நேரே விக்கற் காப்பாளரின் கைக்கு வரும். அப்படி எறியக்கூடியவன் எங்கள் அணியில் ஒருவனுமில்லை. எத்தனையோ மாலைகளில் எட்டுப் பேரும் ஒன்பது பேருமாக ஆள் போதாமல் ஆடினோம். ஒருநாளாவது படலையைத் திறந்து, "தம்பி, விளையாட வாறியா?" என்று கேட்டோமா? இல்லை. யாரும் எங்களைத் தடுத்ததுமில்லை. ஏன் கேட்கவில்லை என்பது எங்களுக்கும் தெரியும். இங்கே அமர்ந்திருப்போர் எல்லோருக்கும் தெரியும். மொழி தெரியாத ஊரில், முன்பின் அறியாத ஒருவன் எங்களைக் கேட்டான். தாய்மொழி பேசும் அயலவனை இருபது முழத் தொலைவில் வைத்துக்கொண்டு நாங்கள் கேட்கவில்லை.

இந்து என்ற பெயரை அன்று அந்த அணி தாங்கியது. அதே பெயரை இன்று நம் மன்றமும் தாங்குகிறது. பெரிய தீர்மானம் ஒன்றும் நிறைவேற்றும்படி கேட்டு நாங்கள் வரவில்லை. இளைஞர் பகுதியைச் சேர்ந்த நாங்களே ஒரு முடிவு செய்திருக்கிறோம். வருகிற சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது படலை பூட்டியிராது. வேலியோரத்தில் நிற்பவர்களை நாங்களே போய் அழைப்போம். ஒரே குடத்துத் தண்ணீரை ஒரே செம்பில் எல்லோரும் குடிப்போம். நீண்ட நாட்களாக வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அழைத்தவுடன் வரமாட்டார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். வரும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் அழைப்போம்.

பெரியோர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். அந்த மாலை நீங்களும் வந்து ஆலமரத்தடியில் ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்திருங்கள். நீங்கள் இருந்து பார்க்கும் ஆட்டத்தைப் பழிக்க ஊரில் எவரும் துணியார். உங்கள் ஆசியோடு தொடங்கிய காரியம் எதுவும் இம்மன்றத்தில் நின்றுபோனதில்லை.

சனிக்கிழமை சந்திப்போம்.