உயிரணுவில் ஜாதி உண்டா?

(திருச்சியில் மாதர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



விஞ்ஞானி என்றால் திருச்சிக்காரர்களாகிய நீங்கள் இவ்வூரில் பிறந்த சர். சி. வி. இராமனைத்தான் நினைப்பீர்கள். அவர் பெருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. நான் இன்று பேசப்போவது உங்களில் பலர் பெயர்கூடக் கேட்டிராத ஓர் அம்மையாரைப் பற்றியாகும். அவர்தான் டாக்டர் ஈ. கே. ஜானகி அம்மாள்.

அவர் 1897-ல் தலைச்சேரியில், தீயர் வகுப்பில் பிறந்தவர். அக்காலத்தில் மலையாள நாட்டில் அவ்வகுப்பாரைக் கண்டால் மேல்ஜாதியார் இத்தனை அடி தூரம் விலகி நில் என்று சொல்லுவது வழக்கம். பெண்ணாகவும் பிறந்து, அந்த வகுப்பிலும் பிறந்தவர், கலியாணமே செய்துகொள்ளாமல் படிப்பே வேலையென்று இருந்தார். சென்னையில் இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலைக்குப் போய் 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவர் ஆராய்ந்தது என்ன? எந்தச் செடியை எடுத்துக்கொண்டாலும் அது கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் குரோமோசோம் என்னும் நூலிழை போன்றவை உண்டு. தாய் தகப்பன் குணம் பிள்ளைக்கு வருவது இவற்றின் வழியாகத்தான். இவற்றைப் பூதக்கண்ணாடியில் வைத்து எண்ணி, எது எதற்கு உறவு என்று கண்டறிவதே அம்மையாரின் தொழில்.

சீரங்கத்துப் பக்கம் வாழை பயிரிடும் தோழர்களைக் கேட்கிறேன். பூவன் பழத்தில் ஏன் கொட்டை இல்லை? ஆண்டவன் அருளா? இல்லவே இல்லை. காட்டு வாழைக்குக் குரோமோசோம் 22; பூவனுக்கு 33. மூன்று பங்காக இருப்பதால் சரிபாதியாகப் பிரிய வழியில்லை. ஆகவே விதை உண்டாவதில்லை. எண்ணிப் பார்த்தவர்கள் சொன்னது இது. எண்ணாதவர்கள் அருள் என்றார்கள்.

1934 முதல் 1939 வரை அம்மையார் கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். அந்த நிலையத்தார் அதற்கு முன்பே, நம் கொள்ளிடக் கரையில் முளைக்கிறதே, அந்த நாணலைக் கரும்போடு கலந்து, 1918-ல் கோ. 205 என்ற புதுக் கரும்பை வெளியிட்டிருந்தார்கள். தடித்த கரும்புக்கு இனிப்பு உண்டு, தாங்கும் சக்தி குறைவு. நாணலுக்கு இனிப்பு இல்லை, தாங்கும் சக்தி அதிகம். இரண்டும் கலந்த பிறகே வடநாட்டு வயல்களிலும் நல்ல கரும்பு விளைந்தது. இக்கலப்புகளில் குரோமோசோம்கள் எப்படிச் சேருகின்றன என்று ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஜானகி அம்மாள். கரும்பையும் மக்காச்சோளத்தையுமே கலந்து பார்த்து, 1938-ல் அதைப் பற்றி எழுதினார்.

பிறகு இங்கிலாந்து போனார். அங்கு டார்லிங்டன் என்னும் பேராசிரியரோடு சேர்ந்து, பயிரிடும் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையெல்லாம் அடங்கிய பெரும் நூலை 1945-ல் வெளியிட்டார். செடி ஆராய்ச்சிக்காரர்கள் உலகெங்கும் அதைப் புரட்டினார்கள். விஸ்லி தோட்டத்தில் அவர் ஆராய்ந்த மக்னோலியா மரமொன்றுக்கு அவர் பெயரே இட்டிருக்கிறார்கள். 1951-ல் நேரு அழைக்க, இந்தியத் தாவர ஆராய்ச்சி இலாகாவைச் சீர்திருத்தத் திரும்பி வந்தார். தள்ளாத வயதிலும் சைலண்ட் வேலிக் காட்டை அணைகட்டி அழிக்கக்கூடாதென்று வாதாடினார். 1984-ல் காலமானார். அவ்வருஷமே அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

தோழர்களே! பிறவியிலேயே உயர்வு தாழ்வு உண்டு, கலந்தால் கெட்டுப்போகும், இது இயற்கை நியதி என்கிறார்களே, அவர்களை ஒன்று கேட்கிறேன். இயற்கையைச் சாட்சிக்கு அழைத்தது நீங்கள்தானே? அந்தச் சாட்சி என்ன சொல்லுகிறது? கலந்த கரும்பு கெட்டதா, பிழைத்ததா? கரும்பை வைத்து மனிதனை அளக்கக்கூடாது என்றால், சரி, மனிதனையே பார்ப்போம். மனிதனுக்குக் குரோமோசோம் 46 என்று 1956-ல் கணக்குத் தீர்ந்தது. சீரங்கத்து அர்ச்சகருக்கும் 46. உறையூர் நெசவாளிக்கும் 46. தெருக் கூட்டும் தோழருக்கும் 46. இதில் எந்த இழையில் ஜாதி எழுதியிருக்கிறது? பூதக்கண்ணாடியில் பார்த்த எவரும் இதுவரை கண்டதாகச் சொல்லவில்லை.

தாய்மார்களே! நம் ஊரிலேயே 1993 முதல் வாழை ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. கல்லூரிகளும் இருக்கின்றன. ஆனால் பெண் விஞ்ஞானம் படிக்கிறேன் என்றால், இத்தனை படித்தால் மாப்பிள்ளை எங்கே தேடுவது என்கிறீர்கள். ஜானகி அம்மாள் வீட்டாரும் அப்படியே சொல்லி உட்கார வைத்திருந்தால் நஷ்டம் யாருக்கு? அவருக்கு மாத்திரமா? உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நகை வாங்கும் பணத்தில் ஒரு பகுதியையாவது அவள் படிப்புக்குச் செலவிடுங்கள். இதைக் கேட்டுக்கொள்ளவே நான் வந்தேன் என்று சொல்லி, என் வார்த்தையை முடித்துக்கொள்ளுகிறேன்.