ஆராய்ச்சி மாணவரும் முதலாண்டுச் சோதனையும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கலாநிதிப் பட்டம் என்றவுடன் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவது ஒரு தவசியின் கோலம். ஒருவன் அறைக்கதவைத் தாழிட்டு, ஊணுறக்கம் மறந்து, நாலாண்டு நூற்குவியலின் நடுவே இருந்து, ஈற்றில் பெரியதோர் ஆய்வேட்டோடு வெளிப்படுகின்றான். இக்கோலம் அழகானதுதான். ஆயினும் இதனை நம்பி இங்கிலாந்து செல்லும் மாணவர் முதலாண்டு முடியுமுன்னரே இடர்ப்படுவர். அங்கே இன்று அவரை அவ்வாறு தனித்திருக்க விடமாட்டார்கள். நம் மன்றத்திலும் மேற்படிப்பை நாடுவோர் பலர் இருத்தலின், புதிய ஆராய்ச்சி மாணவரிடம் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் எவற்றை எதிர்பார்க்கின்றன என்பதைக் குறித்துச் சில சொல்ல விழைகின்றோம்.

இப்பட்டம் இங்கிலாந்துக்குப் பழையதன்று. ஜேர்மனியில் வளர்ந்த முறையைப் பின்பற்றி அமெரிக்காவின் யேல் 1861 இல் இதனை வழங்கிற்று. ஒக்ஸ்போர்ட் 1917 இலேதான் ஏற்றது. ஏனையவை அதன் பின் சில ஆண்டுகளில் தொடர்ந்தன. அக்காலத்தில் பயிற்சி என்று தனியே பெரிதாக ஒன்றும் இல்லை. பேராசிரியர் ஒருவர், நூல்நிலையச் சீட்டு ஒன்று, பின்னர் மாணவர்பாடு. திறமையுள்ளவர் கரையேறினர். ஏனையோர் எங்கே மூழ்கினர் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. 1980களில் கணக்கெடுக்கத் தொடங்கினர். உதவிப்பணம் பெற்ற மாணவர் பலர் உரிய காலத்தில் ஆய்வேடு ஒப்படைக்கவில்லை என்பது தெரிந்தது. பொருளாதார, சமூக ஆராய்ச்சிச் சபை அத்தகைய பல்கலைக்கழகங்களுக்குப் புதிய உதவிப்பணத்தை நிறுத்தவும் செய்தது. பின்னர் 2002 இல் சேர் கரெத் றொபேட்ஸ் அரசாங்கத்துக்குச் சமர்ப்பித்த அறிக்கை, ஆராய்ச்சி மாணவர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரமேனும் தனிப்பயிற்சி வேண்டும் என்றது. அதற்கென ஒதுக்கிய பணம் 2011 இல் நின்றது, பயிற்சி நிற்கவில்லை.

இன்று ஒரு மாணவர் போய்ச் சேர்ந்தால் நிகழ்வது யாது? பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சிற்சில வேறுபாடு இருப்பினும் போக்கு ஒன்றே. மேற்பார்வையாளர் ஒருவரல்லர், இருவரேனும் இருப்பர். முதல் வாரங்களிலேயே, உமக்கு எது தெரியும், எது தெரியாது என்று கேட்டு எழுதிக்கொள்வர். அதற்கேற்பப் புள்ளிவிபரவியல், பழைய கையெழுத்துப் பிரதிகளை வாசிக்கும் முறை, ஆய்வுகூடப் பாதுகாப்பு, கட்டுரை எழுதும் முறை என்று வகுப்புகள் அமையும். பிறர் எழுத்தைத் தம்மெழுத்தாகக் காட்டாமை பற்றிய வகுப்பு எல்லார்க்கும் உண்டு. மனிதரைக் கண்டு பேசி ஆராய்பவரோ, நெறிக்குழுவின் அனுமதி கையில் வருமுன் ஒருவர்முன்னும் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தல் ஆகாது. மாதத்துக்கு ஒருமுறையேனும் மேற்பார்வையாளரைச் சந்தித்து, பேசியதை எழுதி இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் வாயிற்படி. உள்ளே இருப்பது முதலாண்டுச் சோதனை. சேரும் மாணவரைப் பல இடங்களில் முதலிலேயே கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவதில்லை. தகுதிகாண் நிலையிலோ முதுதத்துவமாணிப் பட்டத்துக்கோ பதிவர். ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அவர் ஓர் அறிக்கை எழுதி ஒப்படைக்க வேண்டும். வினா இன்னது, முன்னோர் சொன்னது இது, என் வழி இது, எஞ்சிய காலத்தில் செய்யப்போவது இது என்பன அதில் இருக்கும். மாதிரிக்கு ஓர் அத்தியாயமும் இருக்கும். தம் மேற்பார்வையாளர் அல்லாத இருவர் முன்னிலையில் இருந்து அதற்கு விடையிறுக்க வேண்டும். மேலே செல்க என்பர். அல்லது திருத்தி மீண்டும் வருக என்பர். அல்லது முதுதத்துவமாணியோடு நிறைவுறுக என்பர். சிலரை விலகுமாறும் சொல்வர். சைவர்களாகிய நமக்கு இது விளங்காத முறையன்று. சமயதீட்சை பெற்றவுடன் நிர்வாணதீட்சை வாய்ப்பதில்லை; இடையே விசேடதீட்சை என்றொரு படி உண்டு.

இந்தச் சோதனையில் நம்மவர் இடறும் இடம் ஒன்றுண்டு. அறிவுக்குறைவினால் அன்று, மரியாதை மிகுதியினால் இடறுகின்றனர்! நாம் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் சொல்ல எழுதினோம். ரியூட்டரியில் குறிப்புகளை மனனஞ் செய்தோம். கடந்தகால வினாத்தாள்களைச் செய்து பழகிப் பல்கலைக்கழகம் புகுந்தோம். மிஷன் கல்லூரியில் படித்த எம்போன்றோரும் இதற்கு விலக்கல்லர். அங்கே விவாதமேடை இருந்தது, ஆனால் வகுப்பறையில் எதிர்வினா இருக்கவில்லை. பெரியவர்முன் வாய்திறவாமை பணிவு என்று கற்றோம். முழுதாக ஆகாத எதனையும் குருவின் முன் வைப்பது அவமரியாதை என்றும் எண்ணினோம். நிவேதனத்துக்குப் பாதி வெந்த பொங்கலை வைப்பதுண்டோ?

ஆனால் மேற்பார்வையாளர் கேட்பது பாதி வெந்ததையே. வெந்து முடிந்தபின் அவர் திருத்த எதுவும் இல்லை. நம் மாணவர் அத்தியாயம் செம்மைப்படட்டும் என்று மூன்று மாதம் காத்திருப்பார். கேட்டால், நன்றாகப் போகிறது ஐயா என்பார். அங்கே மௌனத்தைப் பணிவென்று கொள்ளார். காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்றே கொள்வர். பத்தாம் மாதம் இருவர் கேள்வி கேட்கும்போது அந்த மௌனம் வெளிப்பட்டுவிடும். ஆகவே இந்தச் சோதனையை நம்மவர் அவமானமாகக் கருதுதல் பிழை என்பது எம் கருத்து. நாலாம் ஆண்டில் தெரியவேண்டிய குறையை முதலாம் ஆண்டிலே தெரிவித்து, திருத்தவும் அவகாசம் கொடுக்கும் ஏற்பாடு இது.

நன்னூலின் பொதுப்பாயிரம் பாடஞ்சொல்லலை மட்டும் கூறவில்லை, பாடங்கேட்டலையும் கூறுகிறது. மாணாக்கரை அன்னம், பசு என்றும், மண், கிளி என்றும், பொத்தற்குடம், ஆடு, எருமை, பன்னாடை என்றும் அது தரம் பிரிப்பதை நாமறிவோம். கிளி இடைத்தரமே, சொன்னதைச் சொல்வதால் மேலேற முடியவில்லை. ஆராய்ச்சி தொடங்குவது கிளிக்குணம் விடுபடும் இடத்திலேதான்.

மேற்பார்வையாளரிடம் நாம் எதைப் பெறச் செல்கின்றோம் என்பதற்கு நம் நாட்டவர் இருவரே சான்று. க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆராய்ந்தனர். அவரோ கிரேக்கமொழிப் பேராசிரியர். சங்கச் செய்யுளுக்கு உரை கேட்கவா அவரிடம் போனார்கள்? வினவும் முறையை அவரிடம் பெற்றனர்; தமிழைத் தாமே கொண்டுசென்றனர். கைலாசபதியின் ஆய்வு 1968 இல் ஒக்ஸ்போர்ட் அச்சகத்தின் வெளியீடாக வந்தது. மேற்பார்வையாளருக்குத் தெரியாததை அவர்முன் தெளிவாகச் சொல்லத் தெரிதல் இத்தகைய மாணவருக்கு முதல் வேலை. அங்கே வாய்மூடி இருந்தால் ஆராய்ச்சியே இல்லை.

இம்முறையில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2010 இல் ஆராய்ச்சியாளர் விருத்திக்கென ஒரு சட்டகம் வகுத்தார்கள். அறிவும் ஆற்றலும், தன்னாளுகை, ஆராய்ச்சி ஒழுங்கு, பிறரோடு ஈடுபாடு என நான்கு பகுதி. கருத்து நல்லது. ஆயினும், வகுப்புக்கு வந்தமைக்குப் புள்ளி, புள்ளி நிரம்பினால் பயிற்சி நிரம்பிற்று என்று சில இடங்களில் கணக்குப் பார்ப்பது, தேவாரம் பாடியதை விட்டுத் தேவார வகுப்பின் வரவேட்டைப் பார்ப்பது போன்றது. நேரமுகாமைத்துவ வகுப்புக்குப் போய் நேரம் போக்குவோரும் உளர்.

இறுதியில் வருவது வாய்மொழிப் பரீட்சை. நெதர்லாந்திலும் சுவீடனிலும் இது சபையறிய நடைபெறும். இங்கிலாந்தில் மூடிய கதவுக்குள், உட்பரீட்சகர், வெளிப்பரீட்சகர் முன்னே நடைபெறும். கச்சியப்ப சிவாசாரியார் குமரகோட்டத்தில் கந்தபுராணம் அரங்கேற்றியபோது முதற்செய்யுளின் முதற்சொற்புணர்ச்சிக்கே விதி எங்கே என்று ஒருவர் தடுத்தாராம். மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் கொணர்ந்து விதி காட்டினாராம். இக்கர்ணபரம்பரைக் கதையைப் புராணபடனம் கேட்டு வளர்ந்த பெரியோர் நன்கறிவர். ஆராய்ச்சி மாணவருக்கும் தடை முதற்பக்கத்திலேயே வரலாம். நூலைக் காட்டி விடை சொல்லவேண்டியவர் அவரே. சோழநாட்டிலிருந்து எவரும் வரமாட்டார்.

இனிப் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். காணியை ஈடுவைத்து அனுப்பிய பிள்ளையிடம், எப்போது முடியும் என்று வாராவாரம் தொலைபேசியில் கேளாதீர்கள். முதலாண்டில், திருத்தி மீண்டும் வா என்று சொல்லப்பட்ட பிள்ளை அதனை வீட்டுக்குச் சொல்ல அஞ்சும். அஞ்சினால் மேற்பார்வையாளருக்கும் சொல்லாது. முதுதத்துவமாணியோடு திரும்பி வருபவர் தோற்றுத் திரும்பியவர் அல்லர். நம் நாட்டுத் தகைமைச் சட்டகத்தின் பன்னிரண்டு படிகளில் அது பதினோராவது. கலியாணப் பேச்சில் மட்டுமே அந்த ஒரு படி மலையளவாகத் தெரிகிறது!

இளைஞர்களுக்குச் சொல்வது மன்றத்தின் காரியமாகவே இருக்கட்டும். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, பூசை முடிந்தபின், எழுதி முடியாத இரண்டு பக்கத்தை ஒருவர் வாசிக்கவும் மற்றவர் தடை கேட்கவும் ஓர் ஒழுங்கு செய்யலாம் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்துள்ளோம். வயது பார்க்காமல் கேள்வி கேட்பது, பெரியவர் கேட்டாலும் சின்னவர் மறுமொழி சொல்வது என்ற இரண்டுமே விதி. முதல் இரு மாதங்களுக்கு வாசிப்பவர்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். தடை கேட்பவர்கள்தான் இன்னும் பெயர் கொடுக்கவில்லை.