கடைசித் தெருவும் நம் ஊரே



செவிலியர் பயிற்சி பெறும் மாணவியர் நம் கிராமங்களுக்கு வருகின்றனர். அவர்கள் இங்கே கற்க வேண்டுவது யாது, அதற்கு நாம் செய்ய வேண்டுவது யாது என்பது குறித்துச் சில கூற விழைகிறோம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் மாண்டனர். ஊரில் மருத்துவர் இருந்தார். ஆனால் ஆண் மருத்துவரை வீட்டினுள் விட வழக்கம் இடந்தரவில்லை. அம்மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடர் இதனால் மனம் கலங்கி, தாமே மருத்துவம் பயின்றார். நம் காஞ்சிக்கு மேற்கேயுள்ள வேலூரில் 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். சாலையோரங்களில் வண்டியை நிறுத்தி ஏழைகளுக்கு மருந்தளித்தார். 1946இல் அப்பள்ளி பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது.

மருத்துவம் ஊரில் இருப்பது வேறு. அது எல்லோருக்கும் எட்டுவது வேறு. ஏனாத்தூரில் இன்று மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் உள்ளன. ஆயினும் தறிக்குழியில் அமர்ந்து நெய்பவருக்குச் சேலை முடிந்தால்தான் கூலி. நடவுக்குச் செல்லும் பெண் ஒரு நாள் மருத்துவமனை சென்றால், அன்றைய கூலி போயிற்று. எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் தாய்க்கு இரத்தசோகை வருவதில் வியப்பென்ன? இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் கொடுப்பதோடு செவிலியர் கடமை முடியாது. "ஏன் மருந்து உண்ணவில்லை?" என்று கடிந்து கொள்ளாமல், "எது தடுக்கிறது?" என்று கேட்டறிவதே மாணவியர் பெற வேண்டிய பயிற்சி. 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டு சென்றதன் கருத்தும் இதுவே.

இப்பயிற்சிக்கு ஊராட்சியின் துணை வேண்டும். மாணவியரைத் திண்ணையில் அமர்த்தி உபசரித்து, பெரிய தெருவை மட்டும் காட்டி அனுப்புவது முறையன்று. முதலாவதாக, ஊர்க்கோடியிலுள்ள ஆதிதிராவிடர் குடியிருப்பிற்கு முதலில் அழைத்துச் செல்லுங்கள். இரண்டாவதாக, கூலி வேலை செய்வோர் வீட்டிலிருக்கும் வேளையை அறிந்து சொல்லுங்கள். மூன்றாவதாக, அவர்கள் கண்ட குறைகளை, நோயாளியின் பெயரை வெளியிடாமல், கிராம சபையில் எடுத்துரைக்கச் செய்யுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் சபை கூடுகிறதன்றோ? குடிநீர்க் குழாய் எட்டாத தெருவின் வயிற்றுப்போக்கை மாத்திரை மட்டும் தீர்க்காது. ஊராட்சியின் தீர்மானமும் வேண்டும்.

இன்றைய மாணவி நாளை எங்கோ ஓர் ஊரின் செவிலியர். கடைசி வீட்டின் வாயிலை மிதிக்க அவர் இங்கேயே பழகட்டும். அவ்வழியைக் காட்டும் பொறுப்பு நம்முடையது.