தோணியின் பின்புறம்

பேசாலைக் கரையில் இன்று நிற்கும் கண்ணாடியிழைப் படகுகளின் பின்புறம், பலகையால் அடைத்தாற்போலத் தட்டையாயிருக்கும். அழகில்லை என்பர் முதியோர். முன்னும் பின்னும் கூர்ந்த பாய்த்தோணிகளைக் கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

காரணம் வேறு. பாயும் துடுப்பும் செலுத்திய காலத்தில், நீர் தடையின்றிப் பின்னே சென்று கூடக் கூர்முனை உதவிற்று. வெளியிணைப்பு இயந்திரம் வந்ததும் அதனைப் பொருத்தத் தட்டைப் பலகை வேண்டியதாயிற்று. விரைந்தோடுகையில் பாரந்தாங்க அகலமும் வேண்டியதாயிற்று.

விரைவுக் கார்களிலும் இந்நியாயம் உண்டு. 1963 இல் ஜேர்மனியில் காட்சிக்கு வந்த போர்ஷே 911 இன் பொறி, பின்னச்சுக்கும் பின்னால் உள்ளது. சரிந்த முதுகு அதற்கு இடந்தந்தது. 1997 இல் காற்றாற் குளிரும் பொறியை விடுத்து நீராற் குளிர்வதை அமைத்தனர். வட்ட விளக்குகளையும் மாற்றினர். பொறியைப் பொறுத்தவர்கள்கூட விளக்கைப் பொறுக்கவில்லை! 2004 இல் வட்டம் மீண்டது.

தோணிக்கு அவ்வாறு மீள்தல் அரிது. காருக்கு வரைபடம் உண்டு. தோணியின் அளவுகளோ ஓடாவியின் கண்ணிலும் கையிலுமே இருந்தன. என் மாணவரைத் தோணி வரையச் சொன்னேன். ஒருவன் மட்டுமே இருபுறமும் கூர்மையாக வரைந்தான். பாட்டனார் முற்றத்தில் கவிழ்ந்து கிடப்பதாம். நூலும் அடிமட்டமும் கொடுத்து, அதனை அளந்து வருமாறு அனுப்பியிருக்கிறேன்.