பாவசங்கீர்த்தனமும் ஜாதிப் பாவமும்

(மயிலாப்பூரில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு பழைய கத்தோலிக்கப் புத்தகத்தைப் பற்றியாகும். சுயமரியாதைக்காரருக்குப் பாதிரிமார் புத்தகத்தோடு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கபாலி கோயிலும் சாந்தோம் கோயிலும் சில தெருக்கள் இடைவெளியில் நிற்கும் இந்த மயிலையில், ஒன்றை மட்டும் பரீட்சை செய்து மற்றொன்றை விட்டுவிடுவது பகுத்தறிவாகாது என்பதே நமது பதில்.

1580-ஆம் வருஷம் கொச்சியில் அச்சான 'கொம்பெசியோனாயரு' என்பதே அப்புத்தகம். பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறவன் தன் மனத்தைத் தானே சோதித்து, குற்றங்களைக் குருவிடம் சொல்லித் திருந்த வழி காட்டுவது அது. எழுதியவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்னும் போர்த்துகேசியச் சேசுசபைப் பாதிரியார். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டவரும் அவரே. வெகு காலம் மறைந்துபோனதாக எண்ணப்பட்ட இதன் பிரதியொன்று ஆக்ஸ்போர்டு பாட்லியன் புத்தகசாலையில் இருப்பதை, 1982-இல் கிரகாம் ஷா என்பவர் எழுதி வெளிப்படுத்தினார்.

நல்லதை நல்லதென்று சொல்ல நாம் கூசுவதில்லை. சூத்திரன் வேதத்தைக் கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொல்லும் தர்ம சாஸ்திரம் உள்ள தேசத்தில், முத்துக்குளித்துறைப் பரதவ மக்களிடையே வேலை செய்த ஒருவர், அவர்கள் பாஷையிலேயே சமயப் புத்தகத்தை அச்சிட்டுக் கொடுத்தார். அன்றியும், "உன் நடத்தையை நீயே விசாரித்துப் பார்" என்பது எந்த மனிதனுக்கும் தகுந்த புத்திமதியே.

நிற்க, அந்தப் பாதிரியாரின் கதையைக் கேளுங்கள். அவர் முன்னோர் யூதராயிருந்து கிறிஸ்தவரானவர்கள். அந்தப் பிறப்பின் காரணமாகவே அவர் முதலில் சேர்ந்த பிரான்சிஸ்கன் சபையிலிருந்து விலக்கப்பட்டார். பிறகுதான் சேசுசபை அவரை ஏற்றுக்கொண்டது. அந்தச் சபையும், அவர் உயிரோடிருக்கையிலேயே, 1593-இல் யூத வம்சத்தாரை இனிச் சேர்ப்பதில்லை என்று சட்டம் செய்தது. அச்சட்டம் அடியோடு நீங்கியது 1946-இல்! ஊராரையெல்லாம் மனத்தைச் சோதிக்கச் சொன்ன குருமார்கள், தங்கள் சபைச் சட்டத்தைச் சோதித்துப் பார்க்க 353 வருஷம் ஆயிற்று.

இதன் காரணம் என்ன? பாவசங்கீர்த்தனம் என்பது ஒருவன் காதில் ஒருவன் இரகசியமாய்ச் சொல்லுவது. திருட்டும் பொய்யும் ஒளித்துச் செய்யும் காரியங்கள். ஆதலால் இரகசியமாய்ச் சொல்லி அழலாம். ஜாதி அப்படியா? தெருவில், கிணற்றில், பந்தியில், சுடுகாட்டில் பத்துப்பேர் பார்க்கப் பெருமையோடு செய்வதல்லவா? பெருமையாய்ச் செய்வதை எவன் பாவமென்று நினைப்பான்? நினைக்காததை எப்படிச் சொல்லுவான்?

திருநெல்வேலி ஜில்லா வடக்கன்குளத்தைப் பாருங்கள். அங்கே 1872-இல் கட்டிய கோயிலில் வேளாளக் கிறிஸ்தவருக்கு ஒரு பக்கம், நாடார் கிறிஸ்தவருக்கு ஒரு பக்கம், நடுவே தடுப்பு. இரு பக்கத்தாரும் ஒரே பீடத்தைத்தான் கும்பிட்டார்கள், பாவசங்கீர்த்தனமும் செய்தார்கள். தடுப்பு மட்டும் கரையவில்லை. 1910-இல் பாதிரியார் ஒருவர் அதை இடித்தபோதுதான் ஒழிந்தது. வேளாளர் தொடுத்த வழக்கு சென்னை ஹைகோர்ட்டு வரை போயும் தோற்றது.

இதைக் கேட்டுக் கபாலி கோயில் பக்கத்துத் தோழர்கள் சிரிக்க வேண்டியதில்லை. கிறிஸ்தவனாவது செய்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நம்மவருக்கோ ஒரு முழுக்கும் ஒரு தட்சிணையும் போதும். கங்கையில் முழுகி வந்தவன் வீட்டுக் கொல்லைக் கிணற்றில் சக்கிலியத் தோழன் தண்ணீர் எடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். முழுக்கின் யோக்கியதை உடனே விளங்கும்.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். மனத்தைச் சோதியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பகிரங்கமாய்ச் செய்த குற்றத்தைப் பகிரங்கமாகவே விட வேண்டும். உங்கள் பெயருக்குப் பின்னால் உள்ள ஜாதிப் பட்டத்தை எடுத்தெறியுங்கள். எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்காருங்கள். உங்கள் பிள்ளைகள் ஜாதி விட்டு மணம் செய்ய வந்தால் முன்னின்று நடத்துங்கள். இதற்குக் குருவும் வேண்டாம், தட்சிணையும் வேண்டாம்; மனிதனை மனிதனாய் மதிக்கும் துணிவு ஒன்றே போதும்.