அழுகை திடீரென்று வந்தால்

(தொடர்கல்வி மையக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஒரு பெண். பீடி சுற்றுவது அவள் தொழில். வயது முப்பது இருக்கும். முறத்தை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேச்சும் சிரிப்புமாக இருப்பாள். திடீரென்று கண் கலங்கும். தேம்பித் தேம்பி அழுவாள். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏன் அழுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. கால் மணி நேரத்தில் ஓயும். சாயங்காலம் மறுபடி வரும்.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "வேலை செய்யச் சோம்பல்" என்றான் கணவன். "காத்து கருப்பு பட்டிருக்கும்" என்றாள் பக்கத்து வீட்டுப் பாட்டி. தாயத்துக் கட்டினார்கள். அழுகை நிற்கவில்லை.

மாமியார்தான் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். டாக்டர் அழுகையைப் பற்றிக் கேட்டார். பிறகு வேறொன்றும் கேட்டார். "இதற்கு முன்னால் எப்போதாவது தூங்காமல், களைப்பே இல்லாமல், வழக்கத்துக்கு மீறிய உற்சாகத்தோடு இருந்தாயா, அம்மா?"

"இல்லை" என்றாள் அவள். மாமியார் குறுக்கிட்டாள்.

"ஏம்மா இல்லை என்கிறாய்? போன தீபாவளிக்கு முன்னால் பத்து நாள் அப்படித்தானே இருந்தாய்! டாக்டரய்யா, ராத்திரி இரண்டு மணி நேரம்கூடத் தூங்கமாட்டாள். விடிய விடிய பீடி சுற்றுவாள். ஓயாமல் பேசுவாள். வட்டிக்கு வாங்கி ஆறு புடவை எடுத்தாள். தடுத்தால் எரிந்து விழுவாள். நாங்கள் நல்ல சுறுசுறுப்பு என்று நினைத்தோம்."

அந்தப் பேச்சுதான் நோயைக் காட்டிக்கொடுத்தது. இதற்கு இருதுருவ மனநோய் என்று பெயர். டாக்டர்கள் பைபோலார் என்பார்கள். மனம் சில காலம் அளவுக்கு மீறி மேலே போகும். சில காலம் அளவுக்கு மீறிக் கீழே இறங்கும். சிலருக்கு இரண்டும் கலந்தே வரும். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை பீறிடும்.

அழுகிறவர்கள் எல்லோருக்கும் இந்த நோய் என்று எண்ணிவிடக் கூடாது. துக்கத்தில் அழுவது இயற்கை. பிரசவத்துக்குப் பிறகும் அழுகை வரும். தைராய்டு கோளாறினாலும் மனம் சோரும். எது என்று பார்த்துச் சொல்வது டாக்டர் வேலை.

ஆனால் மேலே போன நாட்களை டாக்டரிடம் மறைக்காதீர்கள். பெரும்பாலும் சோர்ந்து அழும்போதுதான் மருத்துவமனைக்குப் போகிறோம். சுறுசுறுப்பான நாட்களை நோய் என்று யார் நினைப்பார்கள்? அதைச் சொல்லாவிட்டால், சோர்வுக்கான மாத்திரை மட்டும் கிடைக்கும். இந்த நோய்க்காரர்களில் சிலரை அந்த மாத்திரை தனியாகவே மேலே தூக்கிவிடும். ஆகவே கூடப் போகிறவர் பேசவேண்டும். அந்த மாமியார் பேசியதுபோல.

இது ஆண்களுக்கும் வரும். ஆண் அழக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறோம். அதனால் சிலர் அழுகையை அடக்கிக் குடிக்கப் போகிறார்கள். குடி இந்த நோயை மேலும் கெடுக்கும்.

சரி, அழுகை வந்துவிட்டது. என்ன செய்வது? "ஏன் அழுகிறாய், ஏன் அழுகிறாய்" என்று துளைக்காதீர்கள். காரணம் தெரியாதவர் என்ன பதில் சொல்வார்? "நிறுத்து" என்று அதட்டுவதும் வேண்டாம். சத்தம் குறைந்த இடத்தில் உட்காரவையுங்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள். முகம் கழுவச் சொல்லுங்கள். மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விடச் சொல்லுங்கள். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். பெரிய முடிவு எதையும் அந்த நேரத்தில் எடுக்கவேண்டாம். நகையை விற்பது, தாய்வீட்டுக்குப் புறப்படுவது எல்லாம் நாலு நாள் கழித்துப் பேசிக்கொள்ளலாம்.

"சாகலாம் போலிருக்கிறது" என்று அவர் சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். சொல்லாவிட்டாலும் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். தனியே விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 14416 என்ற எண்ணுக்கும் பேசலாம். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. காசு கிடையாது. இரவிலும் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

இனி மாத்திரை. லித்தியம் என்பது ஓர் உப்பு. ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் 1949-இல் அது இந்த நோய்க்கு உதவும் என்று எழுதினார். இன்றும் பலருக்கு அதைத்தான் கொடுக்கிறார்கள். அளவு கூடினால் அதுவே நஞ்சு. அதனால் டாக்டர் சொல்லும்போதெல்லாம் இரத்தம் பரிசோதிக்கவேண்டும். கோடைக்காலத்தில் தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும். சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது. கேட்காமல் வலிமாத்திரை போடக் கூடாது. வாந்தி, பேதி, கைநடுக்கம், நடையில் தள்ளாட்டம் கண்டால் அடுத்த வேளை மாத்திரை போடாமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வால்புரோயேட் என்று இன்னொரு மாத்திரை உண்டு. வயிற்றில் வளரும் குழந்தைக்கு அது கெடுதல். பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேசவேண்டும். மற்றபடி "குணமாகிவிட்டது" என்று தாமாகவே மாத்திரையை நிறுத்துவதுதான் பலர் செய்கிற தவறு. நோய் திரும்பி வந்துவிடும்.

மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. 2001-இல் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியை அடியோடு தடைசெய்கிறது. அரசிடம் மனநல மருத்துவம் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்றும் சொல்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் தொடங்கியது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விசாரியுங்கள்.

அந்தப் பெண்ணிடம் வருவோம். மையத்துக்கு வந்து எழுத்துக் கற்றவள் அவள். பால் கணக்கு எழுதும் நாள்காட்டியிலேயே இதையும் குறிக்கச் சொன்னார் டாக்டர். தேதிக்குக் கீழே ஓர் எண். அது இரவு தூங்கிய மணி. அழுத நாளில் 'அ' என்று ஓர் எழுத்து. அவ்வளவுதான்.

ஒரு மாதம் அடுத்தடுத்து இரண்டு நாள் '3' என்று இருந்தது. அழுகை இல்லை. அவள் கலகலப்பாகத்தான் இருந்தாள். மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. எண் மட்டும் தெரியும். மறுநாள் காலையிலேயே நாள்காட்டியைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு மருமகளோடு பஸ் ஏறினாள். டாக்டர் பார்த்தார். மாத்திரையின் அளவை மாற்றினார். அந்தத் தடவை கடனும் வரவில்லை, சண்டையும் வரவில்லை.

அழுகை இப்போதும் சில நாள் வருகிறது. முறத்தை இறக்கி வைத்துவிட்டுப் பின்வாசல் படியில் போய் உட்காருகிறாள். மகள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள். ஓய்ந்ததும் உள்ளே போய், தேதிக்குக் கீழே 'அ' என்று எழுதுகிறாள்.